பஸ்ஸிலேயே வரட்டும்

எறும்புகள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. மேசைக்கு அடியில் வைத்திருந்த மஞ்சள் பையை நோக்கிச் சுவரோரமாக ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. சத்தியப்பிரியா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். காரைக்குடியின் அந்தக் கிளை நூலகத்தில் எறும்பு ஒன்றும் புதிதில்லை. பேப்பர் படிக்க வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துத் தூளைச் சிந்திவிட்டுப் போவார்கள். ஆனால் இந்தக் கோடு தூளைத் தேடி அலையவில்லை. நேராகப் பைக்குள் போயிற்று.

புத்தகத்தில் எறும்புக்கு என்ன வேலை?

குனிந்து பையை வெளியே இழுத்தாள். இரண்டு காதுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. வழியில் யாரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. போய்ச்சேரும் நூலகம்தான் அவிழ்க்க வேண்டும். அப்படி விதி போட்டவளே அவள்தான். கை சற்று நேரம் முடிச்சின்மேல் கிடந்தது. பிறகு அவிழ்த்தாள்.

உள்ளே இரண்டு தேங்காய், ஒரு கவுளி வெற்றிலை, பிரிந்துபோன லட்டுப் பொட்டலம், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம். பையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் பிள்ளையார் படமும் அதன்கீழ் மணமகன் மணமகள் பெயர்களும் அச்சாகியிருந்தன.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

காலையில் அமராவதிபுதூரிலிருந்து வந்த பஸ்ஸில் இந்தப் பையை வாங்கியவள் அவள்தான். முகூர்த்த நாள். பஸ் பிதுங்கி வழிந்தது. கண்டக்டர் கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டிக் கொடுத்தார். முடிச்சைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. அதுபோதும் என்று நினைத்துவிட்டாள்.

அந்தப் பையில் இருக்க வேண்டியது, எண்பது தொண்ணூறு வருஷங்களுக்கு முன் ரங்கூனில் அச்சான ஒரு தமிழ் வார இதழின் கட்டுத் தொகுதி. கண்டரமாணிக்கத்தில் தேனம்மை ஆச்சி வீட்டு அலமாரியில் இருப்பது. வேறு எங்கும் அந்த வருஷத்துப் பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது. அமராவதிபுதூரில் ஆய்வு செய்யும் சினேகா என்ற பெண்ணுக்காகப் போய்விட்டு, இன்று காரைக்குடி வழியாக வீடு திரும்ப வேண்டியது.

நூலகங்கள் ஒன்றுக்கொன்று புத்தகம் அனுப்பிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் ‘கூட்டுப் பை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி கிடையாது, ஆள் கிடையாது. பையைக் கண்டக்டரிடம் கொடுத்து லக்கேஜ் டிக்கெட் வாங்கிவிட்டு, பஸ் நம்பரை அடுத்த ஊருக்குப் போனில் சொன்னால் போதும். அங்கே இருப்பவர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்வார். இந்தப் பக்கத்து ஜனங்கள் மருந்தையும் மோட்டார் பாகத்தையும் மகளுக்குக் கருவாட்டுக் குழம்பையும் காலகாலமாக அப்படித்தான் அனுப்புகிறார்கள். புத்தகம் மட்டும் ஏன் போகக் கூடாது என்று சத்தியப்பிரியா கேட்டாள். நாலு அரசுக் கிளைகளும் ஒரு கல்லூரியும் சேர்ந்தன. கடைசியாகச் சேர்ந்தது தேனம்மை ஆச்சியின் வீடு. அதற்காகத்தான் அவள் பாதி வருஷம் நடையாய் நடந்தாள்.

பை தைத்த இடத்தில்தான் பிசகினாள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை தைக்கும் கடையில் சொன்னால் சல்லிசாக முடியும் என்று அங்கேயே தைக்கக் கொடுத்தாள். அதே துணி, அதே மஞ்சள், அதே அளவு. அச்சுக்குச் செலவு வேண்டாம் என்று அடிமூலையில் சின்னதாக நூலக முத்திரை மட்டும் குத்திக்கொண்டார்கள்.

கண்டக்டருக்குப் போன் போட்டாள்.

“மேடம், நீங்க சொல்லுறது எனக்கு வெளங்குது. ஆனா இன்னைக்கு வண்டில ஏறுன பொம்பளையாளு அத்தன பேரு கையிலயும் மஞ்சப் பைதான். இன்ஜின் பக்கத்துலதான் வெச்சேன், எப்பவும் வெக்கிற எடம். அதுல நாலஞ்சு பேரு உக்காந்து வந்தாக. எறங்குறப்ப எவுக எதத் தூக்குனாகன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

“எந்த ஊர்க்காரவுகன்னு தெரியுமாண்ணே?”

“எல்லாரும் பஸ்ஸ்டாண்டுலதான் எறங்குனாக. அதுக்கு மேல எங்குட்டுப் போனாகளோ.”

அவர் வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையானதாகவும் இருந்தது. அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

கல்யாண மண்டபத்து நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். பெண் வீட்டுக்காரர் ஒருவர் எடுத்தார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

“தேங்காய்க்குப் பதிலாப் பொஸ்தகமா? அப்புடி நாங்க யாருக்கும் குடுக்கலையேம்மா.”

“நீங்க குடுக்கலண்ணே. பஸ்ஸுல மாறிப்போச்சு. கொஞ்சம் மைக்குல சொல்லிவிட முடியுமா?”

“மைக்க அவுத்துட்டுப் போயிட்டாங்க. பந்தியில இருக்குறது சமையக்காரவுக மட்டுந்தேன். நம்பரக் குடுங்க, சொந்தக்காரவுககிட்டச் சொல்லி வெக்கிறேன்.”

நம்பரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டாரா, இல்லை சும்மா “ம்” கொட்டினாரா என்று தெரியவில்லை.

இனி ஒரே ஒரு போன்தான் பாக்கி. அதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் அந்தத் தொகுதி கண்டரமாணிக்கம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஏனென்றால் ஆச்சியின் தம்பி தேனப்பன் சென்னையிலிருந்து வந்திருந்தார். வீட்டில் அவருக்கும் பாதி. அப்பச்சி என்று அவர்கள் கூப்பிட்ட அப்பா சேர்த்த புத்தகங்கள் இருக்கும் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அந்த அலமாரிகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். பர்மாத் தேக்கு, கண்ணாடிக் கதவுகள். புத்தகம் அந்த வியாபாரிக்கு வேண்டாம். அதை எடைக்குப் போட்டுவிடலாம். இன்று வியாபாரியின் வேனும் வருகிறது. ஆச்சி தம்பியிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: ‘போன புத்தகம் தானா வீட்டுக்குத் திரும்பி வருதா இல்லையான்னு நீயே பாரு. வந்தா அலமாரி இருக்கட்டும். வரலைன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.’

சற்று முன் சினேகாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பெண் அழுதுவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அக்கா, நான் இன்னும் படிச்சு முடிக்கலைன்னு சொல்லிருங்க. எம்மேல போட்டுருங்க. ஒரு வாரம் கெடைக்கும்ல?” என்றாள்.

ஒரு வாரம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தில் பை கிடைத்தாலும் கிடைக்கும். சத்தியப்பிரியா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமர நிழலில் ஒரு ஆட்டோக்காரர் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய கூச்சம் கிடையாது. மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறாள், புத்தகத்தைத் தொலைத்த பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இது வேறு. ஒரு வீட்டின் பூட்டிய அறைக்குள் கையை விட்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்க அந்த வீட்டுக்கு உரிமை இருக்கிறது. தெரியாது என்று சொல்வதுதான் இப்போதைக்கு உண்மை.

பிறகு போனை எடுத்தாள்.

“ஆச்சி, சத்தியா பேசுறேன்.”

“சொல்லுத்தா. பை கெளம்பிருச்சா? இவன் வந்து உக்காந்துருக்கான். காப்பியக்கூடத் தொடல.”

“ஆச்சி... பை மாறிப்போச்சு.”

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அதற்கும் அப்பால் ஏதோ கனமான மரச்சாமான் தரையில் தேய்ந்தது. ‘அதப் புடிச்சு அங்குட்டு நகட்டுங்கப்பா’ என்று ஒரு ஆண்குரல். வியாபாரியின் ஆட்கள் அதற்குள் வந்துவிட்டார்கள்.

“மாறிப்போச்சுன்னா?” என்றார் ஆச்சி.

சொன்னாள். கல்யாணக் கூட்டம், மஞ்சள் பை, தேங்காய், தான் பார்க்காமல் வாங்கி வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். “தேடிக்கிட்டு இருக்கேன் ஆச்சி. கெடைச்சிரும்னு என்னால சொல்ல முடியல.”

மறுபடியும் மரச்சாமான் தேயும் சத்தம்.

“அப்பச்சி அதக் கப்பல்ல மடியில வெச்சுக் கொண்டாந்தாக” என்றார் ஆச்சி. குற்றமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “இத இவன்ட்டச் சொல்லணுமே.”

“நான் பேசவா ஆச்சி?”

“வேணாம். என் தம்பிக்கு நானே சொல்லிக்கிறேன்.”

போன் அணைந்தது. சத்தியப்பிரியா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். எறும்புகள் இன்னமும் லட்டைச் சுமந்துகொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிடத் தோன்றவில்லை.

நாட்டரசன்கோட்டை நூலகர் மருதுவின் போன் வந்தபோது அவள் அந்த மஞ்சள் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், நான் அன்னைக்கே சொன்னேன், ஊதாக் கலர்ல தைப்போம்னு. கேட்டீகளா?”

“மருதண்ணே, நான் இப்ப—”

“இருங்க, இருங்க. மத்தியானம் பூட்டிட்டுச் சாப்புடப் போவோம்னு எந்திரிக்கிறேன். சோலையம்மாள்னு ஒரு அம்மா, பட்டுச்சேலையோட வந்து நிக்கிது. அமராவதிபுதூர்ல கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துச்சாம். ‘வெத்தல போடலாம்னு பைய அவுத்தா பொஸ்தகம் இருக்கு, அடியில லைபரரின்னு முத்திர குத்திருக்கு, எங்க ஊருல லைபரரி இது ஒண்ணுதான், இந்தா புடி’ங்குது.”

சத்தியப்பிரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

“மேடம்? இருக்கீகளா?”

“எப்புடி இருக்குண்ணே? கிழிஞ்சிருக்கா?”

“ஒரு சேதாரமும் இல்ல. ஏடு ஏடாப் பாத்துட்டேன். அந்தம்மாதான் நகர மாட்டேங்குது. தேங்காய விட்டாலும் விடுமாம், சம்படத்த விடாதாம். ‘உங்க பொஸ்தகத்த நான் தூக்கிட்டு வந்து குடுத்தேன்ல, என் சம்படத்த யாரு தூக்கிட்டு வருவா?’ன்னு நாயம் பேசுது.”

“நாளைக்குப் பைல வந்துரும்னு சொல்லுங்க. லட்டுதான் எறும்புக்குப் போயிருச்சு.” அவளையறியாமல் சிரித்துவிட்டாள். “அண்ணே, உங்க பைக்குல எண்ணெய் இருக்கா? நேரா கண்டரமாணிக்கமே போயிருறீகளா? சாயங்காலத்துக்குள்ள ஆச்சி கையில குடுத்தாப் போதும்.”

“இந்தா கெளம்பிட்டேன்.”

அடுத்த நொடியே ஆச்சியைக் கூப்பிட்டாள். இந்தமுறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

“ஆச்சி, கெடைச்சிருச்சு! ஒண்ணும் ஆகல. மருதண்ணே வண்டில கொண்டாந்து உங்க கையிலயே—”

“யாரு கொண்டாராக?”

“நாட்டரசன்கோட்டை லைப்ரரியன். பைக்குல.”

ஆச்சி சந்தோஷப்படுவார் என்று சத்தியப்பிரியா காத்திருந்தாள். அவரோ குரலைத் தாழ்த்திப் பேசினார். வேறு அறைக்கு வந்துவிட்டார் போலிருந்தது.

“சத்தியா, நான் சொல்லுறதக் கேளு. தொலஞ்சத இவன்ட்டச் சொன்னேன். கத்துவான்னு பாத்தேன். கத்தல. ‘அதான் நான் முன்னயே சொன்னேன்ல, இதெல்லாம் ரெண்டு பேரு ஓடுற வரைக்கும் ஓடும், அவுக களைச்சுட்டா நின்னுரும்’னான். இப்ப உங்காளு வேர்த்து விறுவிறுத்து பைக்குல வந்து நின்னா, இவன் சொன்னதுதான சரின்னு ஆகும்?”

“ஆச்சி, பஸ்ஸுலதான் தொலஞ்சது.”

“பஸ்ஸுலதான் போச்சு. பஸ்ஸுலேயே வரட்டும்.”

“இன்னைக்கு முகூர்த்தம். எல்லா வண்டிலயும் மஞ்சப் பைதான் ஆச்சி. இன்னொருக்கா மாறிட்டா?”

“மாறுனா அலமாரிய எடுத்துட்டுப் போகட்டும்” என்றார் ஆச்சி. “யாராச்சும் கையில புடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும்னா, அது நிக்க வேண்டாந்தா.”

போனை வைத்துவிட்டார்.

சத்தியப்பிரியாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். என்ன பிடிவாதம் இது? கைக்கு எட்டியது வாய்க்குள் போகும் நேரத்தில் தட்டிவிடுகிறாரே! மருதுவிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அப்புறம் ஆச்சி என்ன செய்துவிடுவார்? புத்தகத்தைத் திருப்பியா அனுப்புவார்? அந்த எண்ணம் நல்ல நிழலாக, உட்கார வசதியாக இருந்தது. அவள் அதில் கொஞ்சநேரம் உட்கார்ந்தும் பார்த்தாள்.

ஆனால் ஆச்சி சொன்னதை அவளால் தள்ள முடியவில்லை. பாதி வருஷமாக அந்த வீட்டுப் படியேறி அவள் சொல்லிவந்தது என்ன? ‘இது என்னை நம்பிக் குடுக்குறதில்ல ஆச்சி. நான் நாளைக்கு மாத்தலாகிப் போனாலும் பை போகும், வரும்.’ அப்படித்தானே சொன்னாள்? ஆச்சி அதை நம்பிவிட்டார். சொன்ன அவள்தான் நம்பவில்லை.

மருதுவைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவர் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

“அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க. பஸ்ஸுல குடுத்து விடுங்க.”

“என்ன மேடம், வெளையாடுறீகளா?”

“ஆச்சி சொல்லுறாக.”

“ஆச்சி சொல்லுவாக. நாளைக்கு ஊரே சிரிக்கிறப்ப யாரு பதில் சொல்லுறது? வேணுமின்னா நானும் அதே பஸ்ஸுல ஏறி வாரேன். தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியும்ல.”

மருது ஏதோ முணுமுணுத்தார். பிறகு கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசியில், சிவகங்கையிலிருந்து அந்த வழியாகக் காரைக்குடி வரும் பஸ் ஒன்றின் நம்பரைச் சொன்னார். “குடுத்துட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால வெச்சிருக்கு. இனி உங்க பாடு.”

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கண்டரமாணிக்கம் போகும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதன் கண்டக்டர் அய்யப்பன் படியில் நின்றபடி ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தார்.

“என்ன மேடம், பையக் காணோம்?”

“செவகங்க வண்டில வருது. செத்த நில்லுங்கண்ணே.”

“நின்னா என்னைய நிக்க விடுவாகளா? பின்னாடி வண்டிக்காரன் ஆரன அமுக்குறான் பாருங்க.”

அவள் நுழைவாயிலைப் பார்த்தாள். பஸ்கள் வந்தன, அவள் பஸ் வரவில்லை. பட்டுச்சேலைகளும் மஞ்சள் பைகளும் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கலைந்தன. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். அய்யப்பன் அவளைப் பார்த்தார், பிறகு எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி, இல்லாத சக்கரப் பழுதைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: “யேய், பஞ்சரா, இல்ல ஒனக்கே மூச்சு போயிருச்சா? எடுப்பா வண்டிய!”

சிவகங்கை பஸ் உள்ளே வந்தது. அது நிற்பதற்குள் அவள் பக்கவாட்டில் ஓடினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூடைகள், ஒரு சாக்கு மூட்டை, மஞ்சள் பைகள் மூன்று. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி அடிமூலையைப் பார்த்தாள். மூன்றாவதில் முத்திரை இருந்தது. முடிச்சைச் சற்றே தளர்த்தி விரலை விட்டாள். பழைய தோல் கட்டின் சொரசொரப்பு. மறுபடியும் தன் விதியை அவளே மீறினாள், அதற்காக வருந்தவில்லை.

பையை அய்யப்பனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் கை இன்னும் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“விட்டாத்தான மேடம் நான் கொண்டுபோக முடியும்?”

விட்டாள். பஸ் நகர்ந்தது. அவள் கால் தானாகப் படியில் ஏறியது. கம்பியைப் பிடித்திருந்தாள். கண்டரமாணிக்கம் வரைக்கும்தானே? கடைசி சீட்டில் உட்கார்ந்து போனால் யாருக்குத் தெரியும்? ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் ஆச்சிக்கும் தெரியாது.

பஸ் திரும்பியபோது குதித்து இறங்கினாள். செருப்பு ஒன்று கழன்று போயிற்று.

நூலகத்துக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். ஒரு அம்மா நேரம் கேட்டாள். போனைத் திருப்பிக் காட்டினாள். பிறகு போன் மடியில் கிடந்தது. அது அடிக்காமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடித்தபோது ஆச்சியின் பெயர்தான் வந்தது. பேசியது ஆண்குரல்.

“தேனப்பன் பேசுறேன். நீங்கதான அந்த லைப்ரரி?”

“ஆமா சார். வந்துருச்சா?”

“அக்காவும் நானும் பஸ்ஸுக்கு நின்னோம். வந்துச்சு. அவுக உள்ள அலமாரில வைக்கப் போயிருக்காக.” கொஞ்சம் நிறுத்தினார். “வேன்காரன அனுப்பிட்டேன். இன்னைக்கு.”

அந்தக் கடைசிச் சொல்லை அவர் அழுத்தித்தான் சொன்னார். இன்றைக்கு மட்டும்தான் என்று சத்தியப்பிரியா புரிந்துகொண்டாள்.

“சரிங்க சார்.”

“ஒண்ணு கேக்கணும். இது இன்னொருக்கா தொலையாதுன்னு ஒங்களால சொல்ல முடியுமா?”

நிலையத்தில் ஏதோ ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வெளியேறியது.

“முடியாது சார். தொலஞ்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்.”

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

“அடுத்த செவ்வாக்கெழம அக்கா இன்னொன்ன அனுப்பணுங்கிறாக” என்றார் தேனப்பன். “எந்த பஸ்ஸு?”